தரங்கம்பாடிக்கு ஒரு மோதிரம் கொண்டுபோனேன்

ஆண்கள் கையால் தொடவே மாட்டார்கள் என்று நம்பி ஒரு பொருளை ஒளித்துவைக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம், நாப்கின் வைக்கிற பை. போன வருஷம் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, அரை சவரன் மோதிரம் ஒன்றை அதற்குள் வைத்துக்கொண்டு எழும்பூரில் ரயில் ஏறினேன். எதிர் பெர்த்தில் நம்மாள் படுத்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டான். எனக்குச் சிதம்பரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை. திருட்டுப் பயம் பாதி, கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவனிடம் கேட்ட பிறகு என்ன ஆகுமோ என்ற பயம் பாதி.

பொண்ணு போய்க் கேட்கலாமா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் கேட்டேன், வானம் இடிந்து விழவில்லை. நான்கு வருஷமாக அவன் "பாத்துக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். என் வீட்டில் அதற்குள் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது. தரகர் அனுப்பும் மாப்பிள்ளை போட்டோக்களை அம்மா எனக்கு ஃபார்வர்ட் செய்வார், அடியில் ஒரு கும்பிடு எமோஜியோடு. மூன்றாவது கும்பிடு வந்த அன்றைக்கு நகைக்கடைக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

மோதிரத்தில் முதல் சிக்கல் அளவு. அவன் மோதிரமே போடாத ஆள். அதனால் வீட்டிலிருந்து பழைய மோதிரத்தை எடுத்து அளவு பார்க்கிற வழியெல்லாம் எனக்கு இல்லை. "தம்பி பிறந்தநாளுக்கு மோதிரம் வாங்கணும், அவன் விரலும் உன் விரல் மாதிரிதான்" என்று சொல்லிக் கடைக்கே கூட்டிப்போனேன். கடைக்காரர் அளவு வளையக் கொத்தை எடுத்தார். அவன் வலது கையில் போனை வைத்துக் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டே இடது கையை நீட்டினான். 19 என்று குறித்துக்கொண்டார்கள். எந்தக் கை என்று நானும் யோசிக்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பொதுவாக வலது கை விரல் கொஞ்சம் தடிமனாக இருக்கும் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 22 காரட் என்றால் 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு ஒன்றும் உள்பக்கம் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். இன்னொன்று, கல் வைக்காத வெறும் வளையமாக வாங்குங்கள். அளவு தப்பினால் வெட்டி ஒட்டலாம். சுற்றிலும் கல் பதித்ததை அப்படிச் செய்வது கஷ்டம்.

ஊர் தேர்ந்தெடுத்தது அவனுக்காக. பழைய கோட்டை, பழைய கல்வெட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கோட்டைக்கு முன்னால் கடல். வங்காள விரிகுடா என்பதால் சூரியன் நேரே தண்ணீரிலிருந்து எழும். ஞாயிறு விடியற்காலை, அந்த மதில் ஓரம், ஆறரை மணி வாக்கில் கேட்பது. அதுதான் திட்டம். போனைக் கல்லில் சாய்த்து வைத்து வீடியோ எடுப்பதுகூடத் திட்டத்தில் இருந்தது.

விடியும் முன்னாலேயே மயிலாடுதுறையில் இறங்கி, டீ குடித்து, முதல் பஸ்ஸில் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். முன்பு அந்த ஊருக்கு ரயிலே போகும், 1986-ல் நிறுத்திவிட்டார்கள் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தான். போனில் பேசி முன்பதிவு செய்த விடுதியில் வரவேற்பில் இருந்தவர் இரண்டு ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். இரண்டு முகவரி, இரண்டு அப்பா பெயர். "மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா மேடம்?" என்றார். இல்லை என்றதும் ரூம் இல்லை. கல்யாணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கத் தடை சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதைக் காலை ஆறு மணிக்கு, கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிற ஒருவரிடம் எடுத்துச் சொல்லி ஜெயிக்க முடியாது. பொறையார் போய் ஒரு சாதாரண லாட்ஜில் இரண்டு தனி அறை எடுத்தோம். கூட எண்ணூறு ரூபாய் செலவு. முன்பதிவு செய்யும்போதே "நாங்க ரெண்டு பேர், கல்யாணம் ஆகல, ரூம் தருவீங்களா" என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். அந்த ஒரு நிமிஷக் கூச்சம் பையும் கையுமாகத் தெருவில் நிற்பதைவிட மேல்.

ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டில் ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இப்போது அம்மாவுக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை முழுக்க அவன் ராஜ்யம். கோட்டை, ராஜா வீதி, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், அதற்குள் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கல்லறை. கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டைக்குள் நின்று, ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னான். அது இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறதாம். "யோசிச்சுப் பாரு, தங்கத்துல எழுதிக் கேட்டா எவன் மறுப்பான்?" என்றான். என் தோளில் நாப்கின் பை தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே கேட்டிருக்கலாம். திட்டம் ஞாயிறுக்கு என்று இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். திட்டம் போடுகிறவர்களின் வியாதி அது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து போனோம். கோட்டைக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு வேன் நின்றது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட். கவுன் போட்ட பெண், கோட்டு போட்ட பையன், இரண்டு கேமராமேன்கள், மேலே வண்டு மாதிரி ஒரு டிரோன். "அண்ணா, கொஞ்சம் ஃப்ரேமை விட்டுத் தள்ளி நிக்கறீங்களா?" என்றார் ஒருவர். தள்ளி நின்றோம். அவர்களோடு வர வேண்டிய உதவியாளர் வரவில்லை போல. அடுத்த ஐந்து நிமிஷத்தில் நம்மாள் கையில் வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய வட்டத் தட்டி. யாருக்கு உதவி என்றாலும் முன்னால் போய் நிற்கிற ஜென்மம். "இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்கண்ணா, சூப்பர்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நான் எனக்கென்று பார்த்துவைத்திருந்த சூரியனை அவன் அந்தப் பெண்ணின் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம். சிரிப்பதா அழுவதா தெரியாமல் கல்லில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டேன். பிரபலமான கடற்கரை, பிரபலமான கோட்டை, ஞாயிறு, முகூர்த்த மாதம் நான்கும் சேர்ந்தால் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்காது.

திரும்புகிற வழியில் திருக்கடையூரில் இறங்கலாம் என்றது அவன். தரங்கம்பாடியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால், அறுபது முடிந்தவர்கள் சஷ்டியப்தபூர்த்தி செய்துகொள்ள அங்கேதான் வருவார்கள். எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். கல்யாணம் ஆனவர்களுக்கு மறுபடி கல்யாணம் நடக்கிற ஊர். காலை பத்து மணிக்குக் கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. தூணுக்குத் தூண் ஒரு ஹோமம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம், கலசத் தண்ணீரில் தொப்பலாக நனைந்த தாத்தா பாட்டிகள், அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற பேரன் பேத்திகள். "யாருக்கும்மா, அப்பா அம்மாவுக்கா?" என்று ஒரு அம்மா என்னை விசாரித்தார். சும்மா பார்க்க வந்தோம் என்றேன். அவர் நம்பவில்லை.

ஒரு தூணருகே சதாபிஷேகம். தாத்தாவுக்குக் கை நடுக்கம். தாலிச் சரடைப் பாட்டியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார், முடிச்சுப் போடத்தான் முடியவில்லை. விரல் ஒரு பக்கம் போகிறது, நூல் ஒரு பக்கம் போகிறது. மேளக்காரர் கெட்டிமேளத்தை நிறுத்தவும் முடியாமல் வாசித்துக்கொண்டே இருக்கிறார். மகன் போலிருந்தவர் குனிந்து கையைப் பிடிக்கப் போனார். பாட்டி தலையைத் திருப்பாமலே, "விடுடா, அவரே போடட்டும், நான் எங்கயும் போகல" என்றார். சுற்றி நின்றவர்கள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். முடிச்சு விழுந்தது.

வெளியே வந்து பூக்கடை பக்கத்தில் இருந்த பெஞ்சில் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சூரியன் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது, எதிரே செருப்புக் குவியல். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவன் போலத்தான் ஆரம்பித்தேன். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? விளையாட்டுக்குக் கேக்கல" என்று சொல்லிவிட்டு நாப்கின் பையைத் திறந்தேன். அவன் முதலில் அந்தப் பையைப் பார்த்துத்தான் பதறினான். டப்பாவைத் திறந்ததும் பெரிதாகச் சிரித்தான். "அட, தம்பிக்குன்னு சொன்ன!" என்று எடுத்து வலது கை மோதிர விரலில் மாட்டினான். கணுவரை வந்தது. ஒரு அழுத்து அழுத்தினான். உள்ளே போய்விட்டது.

அப்புறம்தான் அவன் முகம் மாறியது. "எனக்கு ஒரு வாரம் டைம் கொடுக்கறியா?" என்றான்.

இந்த இடத்தில் என்ன செய்வது என்று எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. எல்லா வீடியோவிலும் ஆமாம் என்கிறார்கள், அழுகிறார்கள், கைதட்டுகிறார்கள். நான் "ஓ" என்றேன். அவன் காரணம் சொன்னான், குரல் தாழ்த்தி, நிதானமாக. தங்கைக்கு ஒரு வரன் முடிகிற நிலையில் இருக்கிறது. நாங்கள் வேறு வேறு சாதி. "நான் சரின்னு சொல்லிட்டா அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லணும், மறைக்க எனக்கு வராது. சொன்னா அவங்க அந்த வரன் கலைஞ்சிடுமோன்னுதான் முதல்ல பயப்படுவாங்க. இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உன்கிட்ட சரின்னு சொன்னா அது பாதி சரிதான்." நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் நியாயம் காதில் ஏறாது. சரி, மோதிரத்தைக் கொடு, வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

மோதிரம் வரவில்லை.

வெயில், உப்புக்காற்று, காலையிலிருந்து தட்டியைப் பிடித்து நின்ற கை. விரல் வீங்கியிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் சிவந்து வீங்கியது. ஒரு வாரம் அவகாசம் கேட்டவன் கையில் என் மோதிரம். கோபமாக இருந்தேன், சிரிப்பும் வந்துவிட்டது, அவனும் சிரித்துவிட்டான். பூக்கடை அக்கா எட்டிப் பார்த்து, "இழுக்காதீங்க தம்பி, வீங்கிடும்" என்று பூ கட்டுகிற நூலை எடுத்துவந்தார். முதலில் ஐந்து நிமிஷம் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார். விரலில் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைத் தடவினார். நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக நுழைத்துக்கொண்டு, மீதி நூலை மோதிரத்தை ஒட்டி நகத்தை நோக்கி இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றினார், கணு தாண்டும்வரை. பிறகு உள்ளங்கைப் பக்கம் இருந்த நுனியைப் பிடித்து மெதுவாகப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் திருகு மாதிரி நூலின்மேல் ஏறி வெளியே வந்தது. "யாரு வாங்குனது, அளவு பாக்காம?" என்றார். இரண்டு பேரும் பேசவில்லை. இந்த வித்தையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விரல் மரத்தோ நிறம் மாறியோ போனால் மட்டும் நூலை நம்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், மோதிரத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

மோதிரம் மறுபடி நாப்கின் பைக்குள் போனது. ஞாயிறு சாயங்கால ரயிலில் டிக்கெட் கிடைக்காமல் பஸ்ஸில் கிளாம்பாக்கம் வந்தோம். ஆறு மணி நேரத்துக்கு மேல். ஜன்னல் சீட் என்னுடையது. பாண்டிச்சேரி வரை பேச்சே இல்லை. அவன் நடுவில் ஒருதரம் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான், வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரத்தைக் கெடுத்தது அவன் கேட்ட அவகாசம் இல்லை. என் இரண்டு தோழிகள்தான். திட்டத்தை அவர்களிடம் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தேன். ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து "என்னாச்சு?", "சொல்லிட்டானா?", "போட்டோ எங்கடி?" என்று மெசேஜ். ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறான் என்று பதில் போட்டதும் இருவரும் அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். என்மேல் உள்ள பாசம்தான். ஆனால் அவனுக்கும் எனக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு வாரத்தில் நான்கு பேர் உட்கார்ந்துகொண்டோம். யாரிடமும் சொல்லாமல் போயிருந்தால் அந்தக் காத்திருப்பு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அதே கேள்வியைக் கோட்டை வாசலில், வீடியோ ஓட, அந்த போட்டோ கும்பல் கைதட்டக் கேட்டிருந்தால்? அவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான். அவன் சுபாவம் எனக்குத் தெரியும், தட்டி பிடிக்கச் சொன்னாலே மறுக்கத் தெரியாதவன். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்? இன்றைக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால், இடத்தையும் நேரத்தையும் பற்றி அதிகம் சொல்வதில்லை. எதிரில் இருப்பவருக்கு இல்லை என்றோ அப்புறம் என்றோ சொல்ல இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். பலருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான். முதல் வார்த்தையே, "அம்மாகிட்ட பேசிட்டேன்." அவனுடைய அம்மா ஒரு நாள் பேசவில்லையாம். மறுநாள், தங்கைக்கு நிச்சயம் முடிகிறவரை வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், அப்புறம் பொண்ணு வீட்டில் பேசலாம் என்றாராம். "அந்தப் பொண்ணே உன்னைக் கேட்டுச்சா?" என்று மூன்று தடவை கேட்டாராம். அது மெச்சலா குறையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் வீட்டுக் கதை தனி. அம்மா மாப்பிள்ளை போட்டோ அனுப்புவதை நிறுத்த இன்னும் இரண்டு மாதம் ஆனது.

சனிக்கிழமை மோதிரத்தை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனோம். ஆசாரி உள்பக்க முத்திரையைப் பார்த்து, அந்த இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் வெட்டி ஒட்டணும், கொஞ்சம் தங்கம் சேரும் என்றார். விரல் அளவைக் காலையிலும் சாயங்காலமும் இரண்டு தரம் பார்க்கச் சொன்னார், ஒரே நாளில் விரல் ஏறி இறங்குமாம். அளவு வளையக் கொத்தை எடுத்துக்கொண்டு, "எந்தக் கை சார்?" என்று கேட்டார். இந்தத் தடவை போனைப் பையில் போட்டுவிட்டு வலது கையை நீட்டினான். 21. சேர்த்த தங்கத்துக்கும் கூலிக்கும் நான் பர்ஸை எடுப்பதற்குள் அவன் கொடுத்துவிட்டான்.